துப்பாக்கிக் குழலில் இரும்புக் கோலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் உருவான வேட்டைத் துப்பாக்கிகளின் குழல்களை நாம் உற்று நோக்கினால், அவற்றுட் பலவற்றின் மேற்பரப்பில் ஒரு கோலம் ஓடக் காணலாம். சிலவற்றில் அது சுருள் சுருளாக, வரிசை தப்பாமல், பட்டுச்சேலையின் கரைபோல் அமைந்திருக்கும். சிலவற்றில் தேக்குப் பலகையின் ரேகைபோல் ஒழுங்கின்றி நெளிந்து செல்லும். வேறு சிலவற்றில் கம்பியை நெருக்கிச் சுற்றி வைத்தாற்போலச் சாய்ந்த கோடுகள் மட்டுமே தெரியும். இம்மூன்றையும் ஒரே சொல்லால் 'டமாஸ்கஸ் குழல்' என்று சுட்டிவிடுவது பலரிடமும் காணப்படும் வழக்கம். அவ்வழக்கு பொருந்தாது. முதலாவதே டமாஸ்கஸ், இரண்டாவது ஆங்கிலேயர் 'லாமினேட்டட் ஸ்டீல்' என்று வழங்கிய அடுக்கெஃகு, மூன்றாவது வெறும் முறுக்குக் குழல்.

தமிழ் பயிற்றும் நமக்கு இரும்புக் குழலில் என்ன வேலை என வினவுவோர் இருக்கலாம். ஒரு சொல் தான் பிறந்த பொருளை விட்டு மற்றொரு பொருளில் போய் அமர்ந்துகொண்ட வரலாறு இது. எஃகின் வரலாற்றைத் தமிழில் எழுதப் புகுவோர் இப்பெயரில் இடறி விழ இடமுண்டு. அதனினும் பெரிய காரணம் ஒன்று உண்டு. இத்தகைய குழல்களை உடைய பழந்துப்பாக்கிகள் இன்றும் பல வீடுகளின் அலமாரிகளில் கிடக்கின்றன. கோலத்தின் பொருள் அறியாத ஒருவர் அதில் இக்காலத் தோட்டாவை இட்டுச் சுடுவாராயின், குழல் பிளந்து அவருடைய இடக்கையைச் சிதைத்துவிடக்கூடும். எனவே பெயராய்வும் கையாய்வும் இங்கு ஒன்றையொன்று சார்ந்தனவே.

பெயர் வந்த வழி

அரபியர் 'திமஷ்க்' என்று வழங்கும் டமாஸ்கஸ் நகரத்தின் பெயரால் ஐரோப்பியர் அறிந்தது வாளைத்தான். அவ்வாள்களின் அலகில் நீரலை போன்ற ஒரு வரி ஓடும். அவ்வரியை அரபியர் 'ஃபிரிந்த்' என்றும், பாரசீகர் 'ஜவ்ஹர்' என்றும் குறித்தனர். ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த அறிஞர் அல் கிந்தி, வாள்களின் வகைகளைப் பற்றித் தனி நூலே எழுதியுள்ளார். இரும்பின் வரியைக் கொண்டு வாளின் பிறப்பிடத்தை அறியும் கலை அக்காலத்திலேயே நன்கு வளர்ந்திருந்தது என்பதற்கு அந்நூல் சான்று.

அவ்வாள்களுக்குரிய எஃகு பெரும்பாலும் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் சென்றது. மேலை நாட்டார் 'வூட்ஸ்' என்று பெயரிட்ட எஃகு அது. கன்னடத்தின் 'உக்கு' என்னும் சொல்லே அவ்வாறு திரிந்தது எனக் கருதுவர். நம் 'உருக்கு' அதன் உறவுச்சொல். இரும்புத் துண்டுகளையும் ஆவிரை முதலியவற்றின் சுள்ளி, இலைகளையும் மண்மூசையில் இட்டு, வாயை மூடி, நெடுநேரம் உலையில் வைத்து உருக்கி எடுப்பது அதன் முறை. நொய்யற்கரையில் உள்ள கொடுமணல் அகழாய்விலும், பழைய தென்னார்க்காட்டுப் பகுதியைச் சேர்ந்த மேல்சிறுவலூரிலும் இத்தொழிலின் தடயங்கள் கிடைத்துள்ளன. 1795இல் ஜார்ஜ் பியர்சன் இலண்டன் ராயல் சங்கத்தின் முன் வூட்ஸ் குறித்த ஆய்வுரை ஒன்றை வைத்தார். பின்னர் மைக்கேல் ஃபாரடேயும் இவ்வெஃகை ஆராய்ந்தார். அதன் அலைவரி எவ்வாறு தோன்றுகிறது என்பதை 1990களில் வெர்ஹோவன் என்னும் உலோகவியலாரும் பென்ட்ரே என்னும் கொல்லரும் சேர்ந்து ஆராய்ந்து, உருகி ஆறும் எஃகிற்குள்ளேயே கரிமம் மிக்க துகள்கள் வரிசை வரிசையாகப் படிவதால் அது விளைகிறது என்று காட்டினர்.

துப்பாக்கிக் குழலின் கோலம் இவ்வாறு தானாக விளைந்ததன்று. இரும்பையும் எஃகையும் தனித்தனியே எடுத்து, அடுக்கி, முறுக்கி, சம்மட்டியால் அடித்து ஒட்டிக் கொல்லன் கையால் விளைவித்தது. வாளில் ஓடும் வரி பாலில் படரும் ஆடை என்றால், குழலில் ஓடும் வரி தறியில் நெய்த கரை. இரண்டும் பார்வைக்கு ஒத்திருந்தமையால் ஐரோப்பியர் புகழ்பெற்ற பழைய பெயரைப் புதிய பொருளுக்குச் சூட்டிவிட்டனர். பர்மிங்காமிலோ லியேழிலோ செய்த ஒரு டமாஸ்கஸ் குழலைக் காட்டி, 'இது நம் நாட்டு எஃகு' என்று பெருமை கொள்வதற்கு இடமில்லை. நம் உருக்கிற்கு இருக்கும் உண்மைப் பெருமை போதும். பிறர் உழைப்பை அதன் கணக்கில் ஏற்றுதல் வேண்டா.

ஆயினும் முறுக்கிச் செய்த குழல் என்னும் எண்ணம் கீழை நாடுகளிலும் வேர்கொண்டிருந்தது. துருக்கியர் செய்த வரியோடிய குழல்கள் ஐரோப்பியரால் பெரிதும் மதிக்கப்பட்டன. அபுல் ஃபஸ்ல் எழுதிய 'ஆயினே அக்பரி'யில், இரும்புத் தகட்டைச் சாய்வாகச் சுற்றி, மடிப்பின் மேல் மடிப்பு அமையுமாறு ஒட்டிக் குழல் செய்யும் முறை விளக்கப்பட்டுள்ளது. அக்பர் தம் துப்பாக்கிகளுக்குப் பெயரிட்டு வைத்திருந்தார். 1568இல் சித்தோர் முற்றுகையில் அவர் கையில் இருந்ததன் பெயர் 'சங்கிராம்'.

ஏன் முறுக்கினர்?

அழகு கருதி என்று விடை கூறுவோர் உளர். அழகு பின்னர் வந்தது. முதலில் வந்தது அச்சம். தகட்டை நீளவாக்கில் மடித்து விளிம்புகளை ஒட்டிய குழலில், ஒட்டு முழு நீளத்திற்கும் நேர்க்கோடாக ஓடும். மருந்து வெடித்துக் குழலுக்குள் வளி விரியும்போது, குழலைச் சுற்றுவாக்கில் பிளக்க முயலும் தகைவு, நீளவாக்கில் இழுக்கும் தகைவைப் போல் ஏறத்தாழ இரு மடங்காக இருக்கும். ஒட்டுக்கோடு மிக வலுவாக இருக்கவேண்டிய திசையிலேயே மெலிவாக அமைந்துவிடுகிறது. தேனிரும்புக்கோ மூங்கிலைப்போல நார் உண்டு. கசடு இழை இழையாக நீண்டு கிடப்பதால் நாரின் போக்கில் வலிமையும் குறுக்கே மெலிவும் உடையது அது. பட்டையாக அடித்து, கயிறு சுற்றுவதுபோல் குழலைச் சுற்றி வளைத்தால், அந்நார் குழலின் சுற்றுவட்டத்தைத் தழுவி நிற்கும். பிளக்க வரும் விசையை நாரின் நீளவலிமை தாங்கும். ஒட்டும் நேர்க்கோடாக இன்றித் திருகுசுழலாக ஓடும்.

இந்த முதற்படியே வெறும் முறுக்குக் குழல். அதற்கு அடுத்த படியில், தேய்ந்த குதிரை இலாட ஆணிகளின் துண்டுகளைச் சேர்த்து உருவாக்கிய இரும்பு பயன்பட்டது. பலமுறை அடிபட்ட அவ்வாணி இரும்பு கசடு நீங்கி இறுக்கமுற்றிருக்கும் என்பது அக்காலத்தார் துணிபு. இங்கிலாந்தில் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இவ்வகை பெரும்புகழ் பெற்றிருந்தது.

உலையில் நிகழ்ந்தது

கோலத்தை இனங்காண்பதற்கு அது பிறந்த வகையை அறிதல் இன்றியமையாதது. கண்ணால் மட்டும் பார்த்து மனனம் செய்தவர் இரண்டாவது துப்பாக்கியிலேயே தடுமாறுவர். எனவே சற்று விரிவாகவே காண்போம்.

முதலில் தேனிரும்புத் தகடுகளும் எஃகுத் தகடுகளும் மாறி மாறி அடுக்கப்பட்டு ஒரு கட்டாகக் கட்டப்படும். உலையில் வெண்சூடு ஏற்றி அடித்தால் கட்டு ஒரே பாளமாகும். அப்பாளத்தை உருளைகளுக்கிடையே செலுத்தி, விரலளவினும் மெலிந்த சதுரக் கோலாக நீட்டுவர். கோலின் குறுக்குவெட்டைப் பார்த்தால் அடுக்கிய தகடுகள் மெல்லிய கோடுகளாக வரிசைப்பட்டுத் தெரியும். இங்கேதான் கோலத்தின் விதை உள்ளது.

பின்னர் அக்கோலின் ஒரு முனையை அசையாமற் பற்றி, மறுமுனையைச் சுழற்றி, செஞ்சூட்டில் முறுக்குவர். நுண்ணிய வேலைக்கு அங்குலத்திற்குப் பதினெட்டுச் சுற்று வரை முறுக்கியதாகப் பர்மிங்காம் துப்பாக்கித் தொழிலறிஞர் டபிள்யூ. டபிள்யூ. கிரீனர் தம் நூலில் குறித்துள்ளார். முறுக்கேறிய கோல் கயிறு போலத் தோன்றும்; நீளமும் குறையும். இவ்வாறு முறுக்கிய கோல்கள் இரண்டையோ மூன்றையோ அதற்கு மேலோ பக்கம் பக்கமாக வைத்து அடித்து ஒட்டினால் ஒரு பட்டை கிடைக்கும். மூன்று கோல் பட்டையில் நடுக்கோலின் முறுக்கு இடப்புறமாயின், ஓரக்கோல்களின் முறுக்கு வலப்புறமாக இருக்கும். முறுக்கு எதிரெதிராக அமைவதால் ஒன்றின் சாய்வுக்கு மற்றொன்று எதிர்ச்சாய்வு காட்டும்.

இப்பட்டையை அச்சுக்கம்பியின் மேல் திருகுசுழலாகச் சுற்றி, சுற்றுகளின் விளிம்புகளை ஒன்றோடொன்று இணைத்து ஒட்டவேண்டும். உலையருகே மூவர் நிற்பர். தலைக்கொல்லர் சூட்டின் நிறத்தைப் பார்த்துக் குழலைத் திருப்புவார். மற்ற இருவர் சம்மட்டி போடுவர். ஒரு முறை சூடேற்றினால் சில அங்குலமே ஒட்ட முடியும். வெடிக்கும் முனைப்பகுதிக்குத் தடித்த பட்டையும், வாய்ப்பகுதிக்கு மெல்லிய பட்டையும் தனித்தனியே சுற்றி, பிறகு இணைப்பதும் உண்டு. ஆதலால் குழலின் இடையே கோலம் சற்று மாறிச் செல்லுமாயின் உடனே அதைப் போலி என முடிவுகட்ட வேண்டா. முழுக்குழல் ஆனபின் உட்புறம் துளைத்துச் செப்பமிட்டு, வெளிப்புறம் அராவி மெலிவிப்பர். உலையிற் புகுந்த இரும்பில் பெரும்பகுதி செதிளாகவும் அராவுதூளாகவும் போய்விடும்.

அராவுதல் என்ற இவ்விடத்தில் சற்று நிற்போம். முறுக்கிய கோலின் மேற்றோலை மட்டும் பார்த்தால் சாய்கோடுகளே தெரியும். அதனைப் பாதி ஆழம் வரை அராவினால், அச்சாய்கோடுகள் வளைந்து சுருள்களாக மாறும். கோலின் நடுவை நெருங்க நெருங்கச் சுருள் முழுமை பெறும். ஒரே கோல், ஒரே முறுக்கு. வெட்டும் ஆழம் வேறுபட்டால் கோலம் வேறு! டமாஸ்கஸ் சுருளின் மறைபொருள் முழுதும் இதுவே எனலாம்.

இறுதியில் வருவது நிறமேற்றல். துருப்பிடிக்கும் கரைசலைப் பூசி, துருவைத் தேய்த்து, மீண்டும் பூசிப் பன்முறை செய்யும்போது இரும்பும் எஃகும் வெவ்வேறு அளவில் அரிக்கப்படும். ஒன்று கருத்தும் மற்றொன்று வெளுத்தும் நிற்க, அதுவரை மறைந்திருந்த கோலம் வெளிப்படும். ஆங்கிலேயர் பழுப்பு நிற முடிப்பைப் பெரிதும் விரும்பினர். கறுப்பும் வெள்ளையுமாகப் பளிச்செனத் தோன்றும் முடிப்பும் வழக்கில் இருந்தது.

இனங்காணும் நெறி

இனி, கையில் ஒரு குழல் உள்ளது. அது யாது எனக் காணவேண்டும். இடக்கை பற்றும் முன்மரக்கட்டையைக் கழற்றிவிட்டுக் குழலின் அடிப்பக்கத்தை நோக்குக. வெயிலும் வியர்வையும் படாத அவ்விடத்தில் கோலம் நன்கு எஞ்சியிருக்கும். பகலொளியில், குழலைச் சாய்த்து, ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியின் துணைகொண்டு பார்த்தல் நலம்.

சுருளே இன்றி, ஒரு போக்கில் சாய்ந்து குழலைச் சுற்றிவரும் இணைகோடுகள் மட்டும் தெரியுமாயின், அது முறுக்குக் குழல். கோல்கள் முறுக்கப்படாமல் பட்டை மட்டும் சுற்றப்பட்டது என்பதே இதன் பொருள். மாறி மாறி அடுக்கிய இரும்பும் எஃகும் நெருங்கிய மயிர்க்கோடுகளாகத் தெரிந்தால் அதனைக் கம்பிமுறுக்கு என்பர். ஒரே இரும்புப் பட்டையாயின் சுற்றுக்குச் சுற்று ஓடும் ஒட்டுக்கோடு ஒன்றே தென்படும். இலாட ஆணி இரும்பாயின் குறுகிய சிறு கீற்றுகள் ஒழுங்கின்றிச் சிதறிக் கிடக்கும்.

சுருள்கள் தெரிகின்றன என்க. அவை அச்சில் வார்த்தாற்போல் ஒன்றுபோல் ஒன்று வரிசையாக நிற்கின்றனவா? ஆம் எனில் டமாஸ்கஸ். சுருள் போலத் தொடங்கி அலையாய்க் கலைந்து, ஓரிடத்தில் பருத்தும் ஓரிடத்தில் மெலிந்தும் செல்கின்றனவா? அவ்வாறெனில் அடுக்கெஃகு என எண்ண இடமுண்டு. இவ்விரண்டிலும் கோல்கள் முறுக்கப்பட்டவையே. வேறுபாடு தொடக்கக் கட்டில் உள்ளது. டமாஸ்கஸ் கட்டில் தகடுகள் அளந்து அடுக்கப்பட்டவை; அடுக்கெஃகுக் கட்டில் எஃகுத் துணுக்குகளும் இரும்புத் துணுக்குகளும் கலந்து, பலமுறை அடித்து நீட்டி, மீண்டும் மடக்கி உருவாக்கப்பட்டவை. ஒழுங்கில்லாத விதையிலிருந்து ஒழுங்கில்லாத கோலம் முளைக்கிறது. ஆங்கில அடுக்கெஃகில் எஃகின் விழுக்காடு மிகுதி. அதன் மதிப்பு அழகினால் வந்ததன்று, உறுதியினால் வந்தது. விலைப்பட்டியல்களில் டமாஸ்கஸ் உயரிடம் பெற்றதைக் கண்டு அடுக்கெஃகை மட்டமானது எனக் கொள்ளுதல் பிழையாகும்.

டமாஸ்கஸ் என்று தெளிந்தபின், எத்தனை கோல் என எண்ணவேண்டும். குழலின் நீளவாக்கில் பார்வையைச் செலுத்தினால், சுருள்கள் வரிசை வரிசையாகக் குழலைச் சுற்றிச் செல்வது தெரியும். ஒவ்வொரு வரிசையும் ஒரு கோல். பட்டையின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை எத்தனை வரிசைகள் உள்ளனவோ அத்தனை கோல்கள். பட்டையின் விளிம்பைக் கண்டுபிடிப்பதே கடினம். நன்றாக ஒட்டிய குழலில் அது மயிரிழை போன்ற கோடாகவே இருக்கும். அக்கோட்டின் இருபுறமும் சுருள்கள் ஒன்றுக்கொன்று சற்றே பொருந்தாமல் விலகி நிற்பதைக் கொண்டு உணரவேண்டும். பெல்ஜியத்தார் இரண்டு முதல் ஆறு கோல் வரை கொண்டு செய்தனர். கோல் மிகுந்தால் சுருள் சிறுக்கும், வேலை மிகும், விலையும் ஏறும். கோல் மிகுந்தால் வலிமை மிகும் என்று சொல்வதற்கில்லை. ஒட்டும் இடங்கள் பெருகப் பெருக, ஒட்டாமல் விட்டுப்போகும் இடங்களும் பெருக வாய்ப்புண்டு. குழலின் மேற்பரப்பில் ஆங்காங்கே காணப்படும் சாம்பல் நிறச் சிறு புள்ளிகள் அத்தகைய குறைகளே. செதிளோ கசடோ உள்ளே சிக்கி நின்றதன் அடையாளம்.

லியேழ் நகரை அடுத்த வெஸ்ட்ர ஆற்றுப் பள்ளத்தாக்கில், நெசோன்வோ, ஃப்ரேபோன் முதலிய ஊர்களில், ஆற்றுநீரின் விசையால் சம்மட்டிகளை இயக்கிப் பல பட்டறைகள் இத்தொழிலை நடத்தின. அங்கிருந்தே உலகின் பெரும்பகுதிக்குக் குழல்கள் சென்றன. அவர்களுடைய கோலங்களுக்குப் பெயர்கள் பல. சுருள் எனப் பொருள்படும் 'க்ரோல்' மிகப் பரவலானது. பாரிஸ் குழலாசிரியர் லெயோபோல்ட் பெர்னார்டின் பெயரால் ஒன்று. விண்மீன் எனப் பொருள்படும் 'எத்துவாலே' ஒன்று. லியேழின் இலத்தீன் பெயரான 'லெகியா' ஒன்று. பாஸ்டன், வாஷிங்டன், ஆக்ஸ்போர்டு என்னும் பெயர்களும் உண்டு. கடல்கடந்த வணிகர்களை மனத்திற்கொண்டு இட்ட பெயர்கள் போலும்! இவை யாவும் கட்டில் தகடுகளை எவ்வாறு அடுக்கினர் என்பதனால் வேறுபடுவன. கண்காட்சிகளுக்கென, எழுத்துகளே கோலத்தில் தெரியுமாறு அடுக்கிக் காட்டிய கொல்லர்களும் இருந்தனர். எழுதுகோல் தொடாத எழுத்து அது.

போலிகளும் முத்திரைகளும்

மதிப்புடைய பொருளுக்குப் போலி எழுவது இயல்பு. சாதாரண எஃகுக் குழலின்மேல் அமிலத்தாலோ, தாளிலிருந்து ஒற்றியெடுத்த மையாலோ டமாஸ்கஸ் கோலத்தைப் பதித்து விற்றனர். மலிவு விலைத் துப்பாக்கிகளில் இது மிகுதி. இதனைக் கண்டறிதல் அரிதன்று. மெய்க்கோலம் மேற்பூச்சு அன்று. குழலின் உடம்பு முழுவதும் ஊடுருவிச் செல்வது. எனவே முன்மரக்கட்டைக்கு அடியிலும், இரு குழல்களையும் இணைக்கும் இடைப்பட்டையின் ஓரத்திலும் அது தொடரவேண்டும். அங்கெல்லாம் வெறுமையாக இருந்து, கண்ணுக்குத் தெரியும் இடத்தில் மட்டும் கோலம் மிளிருமாயின் ஐயுறுக. ஒற்றியெடுத்த கோலத்தில் தாளின் இரு விளிம்பும் சந்திக்கும் கோடு குழலின் நீளவாக்கில் தெரிவதும் உண்டு. மெய்யான டமாஸ்கஸில் நீளவாக்கில் ஒரு கோடு ஓடுவதற்குக் காரணமே இல்லை.

மறுபுறம், மெய்யான டமாஸ்கஸ் குழல் வெற்றிரும்பு போலத் தோன்றுவதும் உண்டு. தேய்ந்து மெருகிட்ட குழலில் கோலம் கண்ணுக்குப் புலப்படாது. அந்நிலையில் முன்மரக்கட்டை மறைக்கும் இடத்தில், சிறு பரப்பில், நீர்த்த ஃபெரிக் குளோரைடு கரைசலைத் தொட்டு வைத்துக் கழுவினால் வரி எழுந்து வரும். இதனைக் கைப்பழக்கம் உடையோரே செய்தல் வேண்டும்.

குழலின் அடியில் உள்ள முத்திரைகள் ஊரையும் காலத்தையும் சொல்லும். நீள்வட்டத்திற்குள் ஈ, எல், ஜி என்னும் எழுத்துகளும் ஒரு விண்மீனும் இருப்பின் லியேழ்ச் சோதனைச் சாலை; அதன்மேல் முடி இருப்பின் 1893க்குப் பிற்பட்டது. 1813இல் சட்டத்தால் நிறுவப்பட்ட பர்மிங்காம் சோதனைச் சாலையின் பழைய முத்திரையில், குறுக்கிட்ட இரு செங்கோல்களும் முடியும் எழுத்துகளும் காணப்படும். 'நாட் ஃபார் பால்' என்னும் ஆங்கிலச் சொற்கள் இருந்தால் 1875க்கும் 1887க்கும் இடைப்பட்ட ஆங்கிலக் குழல்; வாய் குறுகிய அக்குழலில் தனிக்குண்டு இடலாகாது என்னும் எச்சரிக்கை அது. மேற்புறத்தில் பொன்னெழுத்தில் பொறித்த பெயரை மட்டும் நம்புதல் கூடாது. அது பெரும்பாலும் விற்றவர் பெயர். சென்னை பி. ஓர் அண்ட் சன்ஸ் பெயர் தாங்கிய துப்பாக்கி சென்னையில் உருக்கி அடித்த குழலுடையது எனக் கொள்ளலாகாது. பார்க்கர், எல். சி. ஸ்மித் முதலிய அமெரிக்க நிறுவனங்களும் பெல்ஜியக் குழல்களை வரவழைத்தே தம் துப்பாக்கிகளில் பொருத்தின. ஆங்கிலப் பெயர், அமெரிக்கப் பெயர், உள்ளே லியேழ்க் கொல்லன் கை!

சோதனையும் மறைவும்

இக்குழல்கள் வலிமையற்றவை என்னும் எண்ணம் இன்று பரவியுள்ளது. 1888இல் பர்மிங்காம் சோதனைச் சாலையார், பல்வேறு வகைக் குழல்களை எடுத்து, மருந்தின் அளவை மேலும் மேலும் கூட்டி, பிளக்கும் வரை சோதித்தனர். முதலிடம் பெற்றது மூன்று கோல் ஆங்கில அடுக்கெஃகு. அச்சோதனையில் ஒட்டில்லாத புதிய எஃகுக் குழல்களும் இருந்தன என்பது குறிப்பிடத்தக்கது. டமாஸ்கஸ் அழிந்தது வலிமைக் குறைவினால் அன்று என்பதே நம் துணிபு. ஜோசப் விட்வொர்த் முதலியோர் உருகிய நிலையிலேயே அழுத்தி இறுக்கிய எஃகைக் கொண்டுவந்தனர். அதனைத் துளைத்துக் குழலாக்க மூன்று கொல்லர் வேண்டா. ஓர் இயந்திரமும் ஓர் ஆளும் போதும். 1884இல் பிரான்சில் பால் வியேய் கண்ட புகையில்லா மருந்து பரவியபின், வாங்குவோரும் புதிய எஃகையே கேட்டனர். 1914இல் ஜெர்மானியப் படை பெல்ஜியத்திற்குள் புகுந்தது. அதன்பின் வெஸ்ட்ரப் பள்ளத்தாக்கின் டமாஸ்கஸ் தொழில் பழைய நிலைக்கு மீளவேயில்லை.

ஆயின் 1888இல் சோதித்தவை புதிய குழல்கள். இன்று நம் கையில் இருப்பவை நூறாண்டு கடந்தவை. கரிமருந்தின் எச்சம் ஈரத்தை ஈர்த்து உட்சுவரை அரித்திருக்கலாம். துருவை நீக்கவென்று எவரேனும் உள்ளே துளையை அகலப்படுத்தியிருக்கலாம். ஒட்டு வரியின் வழியே துரு உள்நோக்கிச் சென்றிருக்கலாம். கோலத்தைப் பார்த்து வகையை அறியலாமே அன்றி, குழலின் நலத்தை அறிய இயலாது. அதற்குச் சுவரின் தடிப்பைக் கருவியால் பல இடங்களில் அளக்கவேண்டும். சோதனைச் சாலையில் மீண்டும் சோதிக்கவேண்டும். இங்கிலாந்தில் இவ்வாறு மறுசோதனையில் தேறி, புகையில்லா மருந்துக்குரிய முத்திரை பெற்ற டமாஸ்கஸ் குழல்களும் உள்ளன. அமெரிக்கத் தோட்டாப் பெட்டிகளிலோ இவ்வகைக் குழல்களில் பயன்படுத்தற்க என்னும் எச்சரிக்கை அச்சிடப்பட்டு வருகிறது. சோதனைச் சான்று இல்லாத குழலைச் சுவரில் மாட்டி வைப்பதே தக்கது.

அவ்வாறு மாட்டி வைப்போரும் ஒன்றைக் கருத்தில் கொள்ளல் வேண்டும். மங்கிய குழலைப் புதுப்பிக்கிறோம் என்று, இக்கால எஃகுத் துப்பாக்கிகளுக்கு உரிய கொதிகாரத் தொட்டியில் அதனை அமிழ்த்துவோர் உளர். இரு குழல்களையும் இடைப்பட்டையையும் பிணைத்திருப்பது ஈயப்பற்று. காரம் அப்பற்றைத் தின்றுவிடும். வெளியே எடுக்கும்போது இடைப்பட்டை தனியே கழன்று கையோடு வரும்; கோலமும் ஒரே கருமைக்குள் மறைந்துபோகும்.